ஆவுளியாவை நீந்த வைப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: “அறிவியல் கண்காட்சிக்கு, ஆவுளியா (கடல்பசு) வலையில் சிக்கி மீள்வதை ஒரு நிமிட அனிமேஷன் படமாக எடுக்க எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 12 பேர் ஆசைப்படுகிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. கையில் ஒரு போன்தான். கம்ப்யூட்டர் இல்லாமல் முடியுமா? எந்த முறை சரிவரும்?”

முடியும் டீச்சர். போன் போதும். அட்டையில் உருவங்களை வெட்டி, மேஜையில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மேலிருந்து போட்டோ எடுக்கும் ‘கட்-அவுட்’ முறைதான் உங்களுக்குச் சரி.

அசையாத படங்களை வரிசையாக, வேகமாகக் காட்டினால் அது அனிமேஷன். பிம்பம் கண்ணில் சற்று நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று பல புத்தகங்களில் இருக்கும். அது பாதிக் கதை. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத அசைவை இட்டு நிரப்புவது மூளை. 1832இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ ஒரு வட்ட அட்டையின் ஓரமாகப் படங்களை வரைந்து, இடையிடையே சிறு திறப்புகள் வெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி முன் சுழற்றி, அதில் தெரியும் படங்களைத் திறப்பு வழியாகப் பார்க்கச் சொன்னார். சினிமா கேமரா வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சங்கதி இது. நோட்டு அட்டையும் குண்டூசியும் இருந்தால் ஒரு பீரியடிலேயே பிள்ளைகள் இதைச் செய்துவிடுவார்கள். முதல் நாள் இதையே செய்யச் சொல்லுங்கள்.

நம் நாட்டில், தாதாசாகேப் பால்கே தன் முதல் கதைப்படத்துக்குப் பணம் திரட்டும் முன், ஒரு பட்டாணிச் செடி வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்து ஓட்டிக் காட்டினார். அதுவும் இதே சூத்திரம்தான்.

கடையில் விற்கும் கலர்க் களிமண்ணில் செய்த பொம்மை அழகுதான், ஆனால் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் இளகிவிடும். ஒவ்வொரு படத்தையும் கையால் வரைய மூன்று வாரம் பற்றாது. 3டி வேலைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கட்-அவுட்டை மட்டமாக நினைக்காதீர்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் வெட்டிய நிழலுருவங்களை வைத்தே 1926இல் ஒரு முழுநீளப் படம் முடித்தார். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். தோல்பாவையில் தோளும் முழங்கையும் தனித்தனித் துண்டாக நூலில் கோத்திருக்கும் அல்லவா? உங்கள் ஆவுளியாவுக்கும் அதே மூட்டு போதும்.

இனி முக்கியமான இடம். மீன் வாலை இடமும் வலமுமாக அடிக்கும். ஆவுளியாவின் வால் கிடையாக விரிந்தது. மேலும் கீழுமாக அடிக்கும். பக்கவாட்டில் படுக்கவைத்து எடுக்கும் கட்-அவுட்டுக்கு இதைவிடத் தோதான பிராணி கிடையாது! உடம்பு ஒரு துண்டு, வால்தண்டு ஒன்று, வால்நுனி ஒன்று, முன்துடுப்பு ஒன்று என்று வெட்டுங்கள். ஊசிநூலில் கோத்து, பின்பக்கம் முடிச்சிட்டு, டேப் ஒட்டுங்கள்.

பிள்ளைகள் வாலை ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரே அளவு நகர்த்துவார்கள். அப்போது ஆவுளியா கடிகார முள் மாதிரி அசையும். ஊஞ்சலைப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு ஓரத்திலும் தயங்கும், நடுவில் பறக்கும். வாலும் அப்படித்தான். மேலே போக 12 நகர்த்தல் வையுங்கள். மில்லிமீட்டர் கணக்கில் 1, 2, 3, 4, 5, 6, பிறகு 6, 5, 4, 3, 2, 1. கீழே வரவும் அப்படியே. வால்தண்டு மேலே திரும்பிய பிறகும் வால்நுனி இரண்டு போட்டோவுக்குக் கீழ்நோக்கியே வளைந்திருக்கட்டும். தண்ணீரின் கனம் அப்போதுதான் தெரியும். ஓவியம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. நகர்த்தும் அளவு பிசகினால்தான் படம் சாகும்.

சினிமாவில் வினாடிக்கு 24 படம். அனிமேஷன்காரர்கள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டி 12இல் ஒப்பேற்றுவது வழக்கம். ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு 720 போட்டோ வேண்டும். 40 வினாடியாகக் குறைத்தால் 480. கடற்புல் மேய்வதை 24 போட்டோவில் எடுத்து நான்கு முறை ஓட்டினால் 8 வினாடி கிடைக்கும், 72 போட்டோ மிச்சம். வலையில் சிக்கும் காட்சியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆவுளியா மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி; வலை அதை மேலே விடாது. அந்தத் தவிப்புதான் உங்கள் கதை.

எடுக்கும் இடம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கட்டும். நான் முதன்முதலில் கீழக்கரையில் மொட்டை மாடியில் எடுத்தேன், அதுவும் ஆடி மாதத்தில். நாற்பதாவது போட்டோவில் கச்சான் காற்று என் அட்டை நண்டின் காலைக் கொண்டுபோய்விட்டது. அதைவிட மோசம் மேகம். வெளிச்சம் கூடிக் குறைந்து, ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்கப் பழுதான டியூப் லைட் போல மினுக்கியது. அதனால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, இரண்டு பக்கமும் எல்இடி பல்பு வையுங்கள். இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே மரச்சட்டம் போட்டு, போனை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். திரையை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். போனைத் தொட்டால் ஆடும். இயர்போன் ஒயரில் உள்ள வால்யூம் பட்டனை அமுக்கினாலே பெரும்பாலும் போட்டோ விழும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலிகள் போட்டோக்களை வரிசையாக ஓட்டிக்காட்டும்.

பின்னணிக்குப் பிள்ளைகள் கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளைக் கொண்டுவருவார்கள். வேண்டாம், அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மணலைத் தூவி, பச்சைத் தாளைக் கத்தரித்துப் புல் செய்யுங்கள்.

கடைசியில் 12 பிள்ளைகள் பெயரையும் ஒரே அட்டையில் எழுதி, அந்த ஒரு போட்டோவை 60 முறை ஒட்டுங்கள். 5 வினாடி நிற்கும். வீட்டார் அதைத்தான் தேடுவார்கள்.