லாவண்டருக்குத் தண்ணீர் எவ்வளவு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். களிமண் தோட்டம், நாள் முழுக்க வெயில். போன ஏப்ரலில் ஸ்பானிஷ் லாவண்டர் மூன்று செடி வைத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றியும் ஆகஸ்டில் இரண்டு காய்ந்துவிட்டன. மிஞ்சியது அடியில் வெறும் குச்சியாக நிற்கிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அது இங்கிலீஷ் லாவண்டருக்குச் சொல்லும் யோசனை. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துச் சரளை மலைச்சரிவுகளில், லேசான அமில மண்ணில் தானாக வளர்வது உங்கள் செடி. சுண்ணாம்பு ஏறினால் இரும்புச் சத்து கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும்.

செடிகளைக் கொன்றது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். ஈரக் களிமண்ணில் காற்றோட்டமில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். செத்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகல்தான்.

புதிதாக நடும் முன் ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பினால் மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தரைக்கு மேல் ஓர் அடி உயரம் மண் மேடு கட்டி அதில் நடுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் போதும் என்பார்கள். அது காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும்.

நடுவதற்கு அக்டோபர், நவம்பர் நல்லது. குளிர்கால மழையிலேயே வேர் இறங்கிவிடும். இரண்டரை அடி இடைவெளி விடுங்கள். தொட்டியில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். உரம் வேண்டாம், தழைச்சத்து கூடினால் கிளை தொளதொளத்துச் சாயும். செடியைச் சுற்றி மண்ணின் மேல் மரப்பட்டைத் தூளுக்குப் பதில் சரளைக்கல் பரப்புங்கள். முதல் கோடையில் வாரம் ஒருமுறை, அதுவும் இரண்டு அங்குல ஆழம் மண் காய்ந்திருந்தால் மட்டும், ஆழமாக நீர் விடுங்கள். அடுத்த ஆண்டு முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும்.

மிஞ்சிய செடியை அடியோடு வெட்டிவிடாதீர்கள். இலையில்லாத பழைய கட்டை பெரும்பாலும் துளிர்க்காது. வசந்தத்தில் முதல் பூ ஓய்ந்ததும், பச்சை உள்ள பகுதியில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கத்தரியுங்கள். ஆண்டுதோறும் இப்படிச் செய்துவந்தால் அடி இன்னும் மொட்டையாகாது. பூக்காத இளங்கிளையில் மூன்று, நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை உருவி, பெர்லைட் (நீர் வடிய உதவும், பொரிபோல லேசான வெள்ளைக் கல்) கலந்த மண்ணில் செருகினால் ஆறு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். இந்தச் செடி எப்படியும் சில ஆண்டுகளில் கிழடாகிவிடும், அதனால் கன்று எடுத்து வைப்பது அவசியம்.

பூவைச் சமையலில் சேர்க்காதீர்கள். கற்பூர நெடி தூக்கலாக இருக்கும்.