ஜூடாஸ் பிரீஸ்ட்: யார் வந்தார்கள், யார் போனார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையை வாசிக்கும் பிரிட்டிஷ் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட்டைத் தொடங்கியவர் அதன் பாடகர் ராப் ஹால்ஃபோர்டுதானே?

பதில்: இல்லை. பர்மிங்காமை அடுத்த வெஸ்ட் பிராம்விச்சில் 1969இல் அல் அட்கின்ஸ் என்ற பாடகரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய குழுதான் இந்தப் பெயரை முதலில் வைத்துக்கொண்டது. பாப் டிலனின் ஒரு பாட்டுத் தலைப்பிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தக் குழு மறு ஆண்டே கலைந்துவிட, கிட்டார் கலைஞர் கே. கே. டௌனிங்கும் பேஸ் கிட்டார் வாசித்த இயன் ஹில்லும் நடத்திவந்த வேறொரு குழுவில் அட்கின்ஸ் சேர்ந்து, பழைய பெயரையும் அங்கே கொண்டுவந்தார். குடும்பத்தை நடத்தும் அளவுக்கு வருமானம் வராததால் 1973இல் அவர் விலகினார். ஹால்ஃபோர்டின் சகோதரியும் இயன் ஹில்லும் அப்போது காதலர்களாக இருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் ஹால்ஃபோர்ட் வந்து சேர்ந்தார். அட்கின்ஸின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1976இல் வெளிவந்த 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி' ஆல்பத்தின் முதல் பாட்டான 'விக்டிம் ஆஃப் சேஞ்சஸ்', அவருடைய பழைய பாட்டு ஒன்றையும் ஹால்ஃபோர்டின் பாட்டு ஒன்றையும் இணைத்து உருவானது.

கேள்வி: கிட்டாருக்கு ஏன் இரண்டு பேர்?

பதில்: 1974இல் முதல் ஆல்பமான 'ராக்கா ரோலா'வைப் பதிவு செய்வதற்கு முன், குழுவில் இன்னொருவரைச் சேர்க்கலாம் என்று அதை வெளியிடவிருந்த கல் ரெக்கார்ட்ஸ் (Gull Records) நிறுவனம் யோசனை சொன்னது. அப்படி வந்தவர் க்ளென் டிப்டன். பல குழுக்களில் ஒருவர் முன்னணியாகவும் மற்றவர் துணையாகவும் வாசிப்பது வழக்கம். இங்கே இருவருமே முன்னணி. டௌனிங்கின் வாசிப்பில் ஆவேசம் அதிகம். டிப்டனுடையதில் திட்டமிட்ட இசைக்கோவை அதிகம். தனி வாசிப்புகளை மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்டு, தேவையான இடத்தில் இருவரும் ஒரே மெட்டை வெவ்வேறு சுரங்களில் இணைத்து வாசித்த இந்த முறை, பின்னால் வந்த பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுக்கள் பலவற்றுக்கும் முன்மாதிரியானது.

கேள்வி: டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் ஏன் இத்தனை முறை மாறினார்?

பதில்: இந்தக் குழுவின் வரலாற்றை டிரம்ஸ் இருக்கையில் அமர்ந்தவர்களைக் கொண்டு படிப்பதே சரி என்பது என் எண்ணம். ஜான் ஹிஞ்ச் முதல் ஆல்பத்தோடும், ஆலன் மூர் இரண்டாவதோடும் போய்விட்டார்கள். 1977இல் 'சின் ஆஃப்டர் சின்' பதிவுக்கு அழைக்கப்பட்ட சைமன் பிலிப்ஸ் இருபது வயதை ஒட்டிய இளைஞர். ஒப்பந்தத்துக்கு வாசிக்க வந்த அவர், வேறு வேலைகள் இருந்ததால் குழுவில் தங்கவில்லை. ஆனால் அவர் வாசித்த வேகத்தையும் நுணுக்கத்தையும் மேடையில் ஈடுகட்டக்கூடியவராகத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தவர் லெஸ் பிங்க்ஸ்.

பிங்க்ஸ் இருந்தது இரண்டே ஆண்டுகள்தான். 'ஸ்டெய்ன்டு கிளாஸ்' ஆல்பத்தில் வரும் 'பியாண்ட் த ரெல்ம்ஸ் ஆஃப் டெத்' பாட்டின் கிட்டார் மெட்டு, இடது கைப்பழக்கம் உள்ள அவர் ஒரு கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக் காட்டியதிலிருந்து பிறந்தது. பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. ஊதியம் குறித்த பிணக்கில் 1979இல் அவர் வெளியேறியதைக் குழுவின் பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன்.

அடுத்து வந்த டேவ் ஹாலண்ட் நேர்மாறானவர். அலங்காரம் எதுவும் இல்லாத, நேரடியான தாளம் அவருடையது. 1980இன் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' அத்தனை பேரைச் சென்றடைந்ததற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். வேகமும் சிக்கலும் திரும்பி வர, 1989இல் அமெரிக்கரான ஸ்காட் டிராவிஸ் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'பெயின்கில்லர்' பாட்டின் தொடக்கத்தில், இரண்டு கால்களாலும் அவர் வாசிக்கும் அந்தச் சில நொடிகளே இதற்குச் சான்று. அன்றிலிருந்து இன்றுவரை அந்த இருக்கை அவருடையதுதான்.

கேள்வி: ஹால்ஃபோர்ட் போன பிறகு வந்த டிம் ஓவன்ஸ் தோல்வியடைந்தது எதனால்?

பதில்: தோற்றவர் ஓவன்ஸ் அல்லர் என்றே சொல்வேன். 1992இல் ஹால்ஃபோர்ட் விலகி 'ஃபைட்' என்ற தனிக்குழுவை நடத்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகளையே பாடும் ஒரு ரசிகர் குழுவில் இருந்த ஓவன்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய பாட்டுகளை மேடையில் அவர் பாடியதில் குறை காண்பது கடினம். 'ஜகுலேட்டர்', 'டெமாலிஷன்' ஆகிய இரண்டு ஆல்பங்களிலும் குறைந்துபோனது மெட்டு. ஹால்ஃபோர்ட், டிப்டன், டௌனிங் ஆகிய மூவரும் சேர்ந்து பாட்டு எழுதிய முறை அறுபட்டு, காலத்துக்கேற்ற கனத்த ஓசையை மட்டும் தேடியதன் விளைவு அது. 2003இல் ஹால்ஃபோர்ட் திரும்பினார்.

கேள்வி: ஒருமுறைகூட விலகாதவர் யார்?

பதில்: இயன் ஹில். முதல் ஆல்பத்திலிருந்து எல்லாவற்றிலும் இருப்பவர் அவர். பேட்டிகளில் அவரிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை.

கேள்வி: டௌனிங்கும் டிப்டனும் இல்லாத குழுவை அதே குழு என்று ஏற்கலாமா?

பதில்: டௌனிங் 2011இல் விலக, லண்டனைச் சேர்ந்த ரிச்சி ஃபால்க்னர் வந்தார். பார்க்கின்சன் நோய் காரணமாக டிப்டன் முழுநேர மேடைப் பயணங்களிலிருந்து ஒதுங்குவதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆல்பங்களில் அவர் பங்கு தொடர்கிறது. மேடையில் அவர் இடத்தில் வாசிப்பவர் 'ஃபயர்பவர்' ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப். 2022 தொடக்கத்தில் அவரும் இல்லாமல் ஒற்றைக் கிட்டாரோடு பயணம் போவதாக அறிவித்தபோது, ரசிகர்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரசிகர்கள் கேட்டது நியாயமே. இரண்டு கிட்டார் இல்லாவிட்டால் பழைய பாட்டுகளில் பாதியை வாசிக்க முடியாது. ஃபால்க்னரைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பரில் லூயிவில் நகர மேடையில் மகாதமனி கிழிந்த நிலையிலும் 'பெயின்கில்லர்' பாட்டை வாசித்து முடித்து, அதன்பின் அறுவை சிகிச்சைக்குப் போனவரை அந்நியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'ஸ்டெய்ன்டு கிளாஸ்', 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 'பெயின்கில்லர்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். மூன்றிலும் பாடகரும் கிட்டார்காரர்களும் அவர்களேதான். டிரம்ஸ் மட்டும் பிங்க்ஸ், ஹாலண்ட், டிராவிஸ் என்று மாறுகிறது. அதன்பின் 2024இல் வந்த 'இன்வின்சிபிள் ஷீல்டு' ஆல்பத்துக்குப் போகலாம்.