மன உளைச்சலும் கால் உளைச்சலும்

அன்புள்ள அக்கா,

கல்லூரி நாளிலிருந்து உங்களை வாசிக்கிறேன். இது இலக்கியக் கடிதம் இல்லை, மன்னிக்கவும். எனக்கு வயது 36. குன்னூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஐந்து வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு என்று மாறி மாறி பெயின். சில நாள் போர்டில் எழுதக் கையைத் தூக்க முடிவதில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எல்லாமே நார்மல். நான்கு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் "உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா, சந்தோஷமா இருங்க" என்றார். ஒருவர் என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் "வீட்ல ஏதாவது டென்ஷனா சார்?" என்று கேட்டார். கடைசியாகப் பார்த்தவர் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெயின் தாங்காதபோது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். இப்போது எனக்கே சந்தேகம், நிஜமாகவே பெயின் இருக்கிறதா, நானாகக் கற்பனை செய்கிறேனா என்று.

'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று வள்ளுவர் சொன்னதை இவர்கள் படித்ததே இல்லையா? இன்னொரு டாக்டரைப் பார்க்கக் கோவைக்குப் போகட்டுமா, சித்த வைத்தியத்துக்கு மாறிவிடட்டுமா? இன்னொன்று, உங்கள் கதைகளில் நோயாளிகள் எல்லோரும் கடைசியில் செத்துப்போகிறார்களே, ஏன் அக்கா?

எஸ்., குன்னூர்

*

அன்புள்ள எஸ்.,

என் கதைகளில் எல்லோருமே சாகிறார்கள், நோயாளிகளைத் தனியாகப் பிரித்துக் கொல்வதில்லை. சித்த வைத்தியம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குறள் ஆஸ்பத்திரிச் சுவர்களில் தவறாமல் இருக்கிறது. டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்தான் அதைப் படிக்கிறார். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது முதுகுப்புறம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பென்சிலோடு. இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன், முழுக் கடிதத்தில் பதினேழு இடத்தில் 'பெயின்' இருக்கிறது. 'வலி' ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலம் கலந்ததற்காகச் சொல்லவில்லை, நானும்தான் கலக்கிறேன். பதினேழு முறை சொல்லியும் அது எப்படிப்பட்டது என்று ஒரு வரி இல்லை. குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா? காலையில் எழும்போதா, பள்ளி விட்டு வந்த பிறகா? ஐந்து வருடம் கூடவே குடியிருக்கிற ஒன்றைப் பற்றி இவ்வளவுதான் சொல்லத் தெரியுமா? டாக்டரிடமும் இப்படித்தானே சொல்லியிருப்பீர்கள்? "பெயின் ரொம்ப இருக்கு டாக்டர்." அவர் "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு?" என்று கேட்டிருப்பார். நீங்கள் "எட்டு" என்றிருப்பீர்கள். அவர் எட்டு என்று எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் மாணவி விடைத்தாளில் இப்படி எழுதினால் விட்டுவிடுவீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். சில மாதங்களாகவே இது என் மண்டைக்குள் ஓடுகிறது, உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

உடம்பு நோவதற்குத் தமிழில் எத்தனை சொல் இருந்தது. ஏற்றம் ஏறி வந்தால் காலில் உளைச்சல். குளிர் இறங்கினால் எலும்புக்குள் குடைச்சல். வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றால் கெண்டைக்காலில் கடுப்பு. வெந்த புண்ணிலும் கெட்ட நரம்பிலும் எரிச்சல். இந்த நாலு சொல்லும் இன்று எங்கே இருக்கின்றன, யோசித்துப் பாருங்கள். உளைச்சல் என்றால் மன உளைச்சல். 'கடுப்பா இருக்கு' என்றால் யார் மேலோ கோபம். எரிச்சல் மாமியார் மேல் வருவது. குடைச்சல் மேலதிகாரி கொடுப்பது. காலில் இருந்தது, எலும்பில் இருந்தது, நரம்பில் இருந்தது, எல்லாம் ஏறிப்போய் மனசில் உட்கார்ந்துவிட்டன. உடம்புக்கு 'பெயின்' மட்டும் மிச்சம். அப்புறம் டாக்டர் உங்கள் வலியை மனசுக்குத் தள்ளிவிட்டார் என்று அழுதால் எப்படி? அவருக்கு முன்னால் நாமே தள்ளிவிட்டோம். 'காலெல்லாம் ஒரே கடுப்பா இருக்கு' என்று நீங்கள் சொன்னால் இருபத்தாறு வயது டாக்டர் 'யார் மேல?' என்று கேட்டாலும் கேட்பார். பாடம் அத்தனையும் ஆங்கிலத்தில் படித்தவர், அவருக்கு இந்தச் சொற்களை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆங்கிலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். (பாருங்கள், இதுவும் வயிற்றை விட்டுப் போய்விட்டது.) கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், வலியைச் சொல்லும் சொற்களை உட்கார்ந்து தொகுத்தார். 1975-ல் அது ஒரு கேள்வித்தாளாக வந்தது. 78 சொற்கள், 20 கூட்டங்கள். துடிப்பது, குத்துவது, அறுப்பது, சுடுவது, மரப்பது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் லேசானதிலிருந்து கடுமையானது வரை வரிசை. எரிகிறது, ஊசி குத்துகிறது, எறும்பு ஊர்கிறது என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். பிசைகிறது என்றால் குடலையோ பித்தப்பையையோ கர்ப்பப்பையையோ. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே பாதிப் பரிசோதனை. நாம் அந்தச் சொல்லை வீட்டில் வைத்துவிட்டு எட்டு என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

என் அம்மா படிக்காதவர். இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாளெல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 1984-ல் அம்மாவுக்குக் கையில் ஆரம்பித்தது. அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் டிஸ்பென்சரிக்குக் கூடப் போனது நான்தான்: "வெரலெல்லாம் மரத்துப்போயி உள்ளுக்குள்ள எரியுதுங்க. ராத்திரிலதான் சாஸ்தி. சுண்டுவெரல் மட்டும் நல்லாருக்கு. எந்திரிச்சு கைய ஒதறுனா கொஞ்ச நேரம் தேவல."

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "கொழுந்து சீசன் வந்தா போதும், எல்லாப் பொம்பளைங்களுக்கும் கை வலி வந்துடும்." கம்பவுண்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சீசனில் பறிப்பது கூடும், அப்போதுதானே கை வலிக்கும்? சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதைக் குற்றமாக எடுத்துக்கொண்டார் அந்த மனிதர். ஒரு பி காம்ப்ளெக்ஸ், ஒரு வெள்ளை மாத்திரை. பன்னிரண்டு வருடம் அதே வெள்ளை மாத்திரை. டாக்டர்கள் மாறினார்கள், மாத்திரை மாறவில்லை.

1996-ல் எனக்கு வேலை கிடைத்த பிறகு கோவைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. அம்மா அதே வாக்கியங்களை, அதே வரிசையில், மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தார். 'ஒதறுனா தேவல' என்ற இடத்தில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "உதறுவீங்களா? எப்படிம்மா, செஞ்சு காட்டுங்க." கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறுகிற மாதிரி அம்மா உதறிக் காட்டினார். டாக்டர் மணிக்கட்டில் விரலால் தட்டினார். அம்மா 'ஐயோ' என்று கையை இழுத்துக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நோயின் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகப் போக வேண்டும். இடம் நெருக்கினால் அடிபடுவது நரம்பு. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் ராத்திரி மோசமாகும். சுண்டுவிரலின் நரம்பு இந்தச் சுரங்கத்துக்குள் போவதில்லை, அதனால் அது தப்பித்துக்கொள்ளும். அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தச் சுரங்கத்தின் வரைபடம். கையை உதறுவதே இந்த நோய்க்கு நல்ல அடையாளம் என்று 1984-லேயே மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அம்மா உதற ஆரம்பித்ததும் அதே வருடம்தான். இதைப் பின்னால் தெரிந்துகொண்ட அன்று நான் சமைக்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. எரிச்சல் போயிற்று, மரப்பு முழுக்கப் போகவில்லை. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை அதற்குள் வற்றித் தட்டையாகிவிட்டிருந்தது. ஜாக்கெட் ஊக்கை நான்தான் மாட்டிவிடுவேன். ஆனாலும் சாகும்வரை அந்த டாக்டரைப் பற்றிப் பேசுவார். "கொணமாக்குச்சு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அந்தப் புள்ள கேட்டுச்சு" என்பார்.

உங்களுக்கு அம்மாவைப் போல ஐந்து நிமிடத்தில் பெயர் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். கிடைக்காமலும் போகலாம். அதற்காகக் கற்பனை என்று நீங்களே தீர்ப்பு எழுதுவதா? அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. அவர்கள் நம்பாதது ஒரு பக்கம், இப்போது நீங்களும் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள்.

எம்.ஆர்.ஐ-யில் வலி தெரியாது, எலும்பு, எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு, தசை, நரம்பு இவைதான் தெரியும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். படத்தில் கோளாறு இருந்தும் வலியில்லாமல் அத்தனை பேர் நடமாடும்போது, படம் சுத்தமாக இருந்தும் வலிப்பது மட்டும் எப்படி நம்ப முடியாததாகும்? வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலியின் இலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் வலி என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே எழுதிச் சேர்த்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனி நோயாகவே இருக்கிறது. காட்டுமாடு ஒரு முறை வந்துபோன தோட்டத்தில் நாய் அப்புறம் இலை அசைந்தாலும் குரைக்கும், பார்த்திருப்பீர்கள். நரம்பும் அப்படிப் பழகிவிடுவது உண்டு. மாடு இல்லை என்பதால் குரைப்புச் சத்தம் பொய்யாகுமா?

அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோயோடு திருவதிகையில் போய் நின்றவர், 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட' என்கிறார். தோற்றாது. வெளியே தெரியாது. எந்த இடம், எதோடு சேர்த்துக் கட்டி இழுக்கிறது, என்ன செய்கிறது, எல்லாம் ஒன்றரை வரியில். கடவுளிடமே விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கு டாக்டரிடம் சொல்ல என்ன கேடு?

மனநல மருத்துவரைப் பற்றி ஒன்றே ஒன்று. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் நரம்பு வலியையும் குறைக்கும், அதற்காகவும் கொடுப்பார்கள். போவதில் அவமானம் இல்லை. ஏன் அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சீட்டை நீட்டினாரே, அது அவருடைய அவமானம். கணவரிடம் கேட்டாரே இன்னொருவர், அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை எது? பெயரைக்கூட எழுதவில்லை நீங்கள். டைக்ளோபினாக் என்றால் இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பாறு கழுகுகள் மிச்சமிருக்கின்றன. நாடு முழுக்க அவை கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் இந்த மருந்துதான். ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று சிறுநீரகம் கெட்டுச் செத்தன. கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2006-ல் தடை செய்தார்கள். நீங்கள் கழுகு இல்லைதான், உங்கள் சிறுநீரகம் இன்னும் தாங்கும். ஆனாலும் ஐந்து வருடம், கேட்பாரில்லாமல், கடைக்காரர் கையால்! வயிற்றுக்கும் ஆகாது. படித்த பிள்ளை செய்கிற வேலையா இது?

கோவைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். போங்கள். வலி சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற இடமாக விசாரித்துப் போங்கள். போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த இடம், எந்த நேரம், எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் தேவலை. 'பெயின்' என்று எழுதினால் அடித்துவிட்டு வேறு சொல் தேடுங்கள். உங்கள் பாட்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள், நமக்குத் தெரியாத பத்துச் சொல்லாவது வைத்திருப்பார். கணவரை வேண்டுமானால் வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் பின் சீட்டில் உட்காராதீர்கள். பர்லியாறு வளைவுகளில் தூக்கித் தூக்கிப் போடும். சீசனாக இருந்தால் வழியில் மங்குஸ்தான் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா