வரையாடும் செவ்வானமும் ஒரே படத்துல வருமா?

கேட்டிருக்கறது இதுதான்: பெங்களூர்ல வேலை, புதுசா மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கேன், மலைமேல இருக்கற நேஷனல் பார்க் ஒண்ணுக்கு போய் முன்னாடி மிருகம், பின்னாடி சிவந்த வானம்னு ஒரு படம் எடுக்கணும், 600 எம்எம் லென்ஸ் வாடகைக்கு எடுக்கணுமா?

தூரத்துல இருக்கறதை கிட்ட இழுத்து காட்டற அந்த பெரிய லென்ஸ் வேண்டாம். அந்த காசுக்கு இன்னொரு ராத்திரி கூட தங்குங்க, ஏன்னு சொல்றேன்.

நானும் பெங்களூர்தான், அல்சூர்க்காரன், இரவிகுளத்துக்கு இதுவரைக்கும் நாலு தடவை போயிருக்கேன். மூணாறுக்கு மேல இருக்கற பார்க், 97 சதுர கிலோமீட்டர், 1978ல நேஷனல் பார்க் ஆச்சு, 2695 மீட்டர் ஆனைமுடி அதுக்குள்ளதான் இருக்கு. உலகத்துலயே வரையாடு அதிகமா இருக்கற இடம் அது. நம்ம தமிழ்நாட்டோட மாநில விலங்கை பாக்க கேரளாவுக்கு போறோமேன்னு முதல் தடவை எங்க அப்பா கிண்டல் பண்ணாரு.

அந்த முதல் தடவை நானும் உங்கள மாதிரியேதான் மனசுல ஒரு படத்தை வரைஞ்சு வச்சுட்டு போனேன். பாறை உச்சியில கொம்போட ஒரு கிடா, பின்னாடி நெருப்பா வானம். மதியம் மூணு மணிக்கு மேல டிக்கெட் எடுத்து, பார்க்குல நம்மள விடற பகுதியான ராஜமலைக்கு வனத்துறை பஸ்ல ஏறி, நல்லா வெளிச்சம் சாயட்டும்னு ஓரமா உக்காந்துட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல கார்டு ஒருத்தர் விசில் அடிச்சுட்டே வந்து எல்லாரையும் கீழ இறங்கற பஸ்ல ஏத்திட்டாரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்கன்னு நம்ம ஊர்ல கன்னடத்துல கேக்கற மாதிரி அவர்கிட்ட அஞ்சு நிமிஷம் கேட்டுப் பாத்தேன், சிரிச்சுட்டே பஸ்ஸை கை காட்டினாரு. அன்னைக்கு சூரியன் இறங்கினதை மூணாறு டவுன்ல டிராபிக்ல நின்னுட்டு கார் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மலைமேல உங்கள விடவே மாட்டாங்க, விடவும் கூடாது, அது மிருகங்களோட நேரம். பெங்களூருக்கு பக்கத்துல இருக்கற பந்திப்பூர் காட்டுக்கு போலாமேன்னு தோணும். அங்க கோபாலசுவாமி பெட்டாங்கற மலையில சொந்த வண்டி ஏற முடியாது, அரசு பஸ்தான், அதுவும் சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் இறக்கிடுவாங்க. காட்டு ரோட்டுல நிறுத்தி இறங்கி எடுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ஃபைன் ஒரு பக்கம், யானை இன்னொரு பக்கம்.

அதனால நான் ரெண்டாவது தடவையில இருந்து ரெண்டையும் பிரிச்சுட்டேன், காலைல ஆடு, சாயங்காலம் வானம், வேற வேற இடத்துல.

காலைல முதல் பஸ்ல ஏறிடுங்க, டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. பஸ் இறக்கி விட்ட இடத்துல இருந்து தார் போட்ட பாதையில நடக்கணும். ராஜமலை வரையாடுங்களுக்கு மனுஷங்களை பாத்து பாத்து பழகிடுச்சு, ரோட்டோரமா மேஞ்சுட்டு இருக்கும், சில சமயம் நீங்கதான் பின்னாடி நகரணும். என்னோட பாதி படம் 70-200 எம்எம் ஜூம் லென்ஸ்ல எடுத்தது, ரெண்டு மூணு படம் 35 எம்எம்ல. 600 எம்எம் தூக்கிட்டு வந்த ஒருத்தர், ஆடு ரொம்ப கிட்ட வந்துடுச்சு, மூக்கு மட்டும்தான் ஃப்ரேம்ல தெரியுதுன்னு புலம்பினதை நேர்லயே கேட்டிருக்கேன். பழகிடுச்சேன்னு தொடறது, பிஸ்கட் குடுக்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம், 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கற மிருகம், நேரா கேஸ்தான்.

பாக்க வேண்டியது பெரிய கிடா. வயசாக வயசாக உடம்பு கருத்துட்டே வந்து முதுகுல மட்டும் வெள்ளி பூசின மாதிரி ஒரு திட்டு வரும், அதனால அதை சாடில்பேக்னு சொல்லுவாங்க. பாதையை விட்டு இறங்காம அப்படியே குத்துக்கால் போட்டு உக்காந்து அதோட கண்ணு மட்டத்துல கேமராவை வச்சீங்கன்னா பின்னாடி வெறும் மலையும் மூடுபனியும் மட்டும் இருக்கும், டூரிஸ்ட் தலை எதுவும் வராது. மூடுபனியைத்தான் நிறைய பேர் சொதப்புவாங்க, நானும் சொதப்பினேன். பனி வெள்ளையா இருக்கறதால கேமரா அடடா ரொம்ப வெளிச்சம்னு நினைச்சு படத்தை இருட்டாக்கிடும், வெள்ளை பனி அழுக்கு சாம்பலா வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, பிளஸ் ஒண்ணு வரைக்கும் ஏத்துங்க. மேயற ஆட்டுக்கு ஷட்டர் வேகம் 1/500 செகண்ட் போதும், குட்டிங்க குதிக்க ஆரம்பிச்சா 1/1000க்கு மேல போயிடுங்க, அதுங்க எப்ப குதிக்கும்னு அதுங்களுக்கே தெரியாது.

இப்ப வானத்துக்கு வரேன். மதியமே இறங்கி வந்து நல்லா சாப்பிட்டு தூங்கிடுங்க, அஞ்சு மணிக்கு தேயிலை தோட்டத்து ரோட்டுல எங்கயாவது மேற்கு பாத்த திருப்பமா பாத்து ஓரமா நில்லுங்க, பேர் போன வியூ பாயிண்ட்டே வேணும்னு இல்ல. மலையில ஒரு ஏமாத்து வேலை இருக்கு. போன்ல ஆப் சொல்ற அஸ்தமன நேரம் தட்டையான அடிவானத்துக்கு. எதிர்ல ஒரு முகடு இருந்தா சூரியன் அரைமணி நேரம் முன்னாடியே அது பின்னாடி ஒளிஞ்சுக்கும், எல்லாரும் முடிஞ்சுது வா போலாம்னு காரை எடுத்துட்டு போயிடுவாங்க.

மூணாவது தடவை நானும் அப்படித்தான் கிளம்பினேன். நவம்பர், மதியம் பூரா மழை, சாயங்காலம் ஒரே சாம்பல். கேமராவை பேக்ல போட்டு ஜிப்பையும் மூடிட்டு ரோட்டோர கடையில டீ குடிச்சுட்டு நிக்கறேன், கடைக்கார அண்ணன் சும்மா தாடையால வானத்தை காட்டினாரு. தலைக்கு மேல இருந்த மேகம் பூரா அடியில இருந்து யாரோ அடுப்பு பத்த வச்ச மாதிரி செவந்து கிடக்கு. நான் டீயை வச்சுட்டு ஜிப்பை திறந்து லென்ஸை மாட்டறதுக்குள்ள முக்கால்வாசி போயிடுச்சு.

அப்புறம்தான் இது ஏன்னு உக்காந்து படிச்சேன். சூரியன் கீழ இறங்க இறங்க அதோட வெளிச்சம் ரொம்ப நீளமா காத்தை கடந்து வரணும், அந்த வழியில நீலம் எல்லாம் சிதறிப் போயிடும், சிவப்பு மட்டும் மிஞ்சும். தரையில இருக்கற நமக்கு சூரியன் மறைஞ்ச பிறகும் உயரத்துல இருக்கற மேகத்துக்கு அது தெரிஞ்சுட்டேதான் இருக்கும், அதனாலதான் அடியில இருந்து எரியற மாதிரி இருக்கு. மேகமே இல்லாத நாள்ல ஒண்ணும் பெருசா இருக்காது, மேற்கு அடிவானத்துல கெட்டி மேகம் இருந்தா வெளிச்சமே வராது. மேல மெல்லிசா மேகம், மேற்குல கொஞ்சம் இடைவெளி, மதியம் மழை தூசியை கழுவி விட்டிருக்கணும், அதுதான் நாள். அக்டோபர் கடைசியில இருந்து டிசம்பர் வரைக்கும் இது அமையற வாய்ப்பு நல்லாவே இருக்கு. சூரியன் மறைஞ்சு இருபது நிமிஷம் கேமரா கையிலயே இருக்கட்டும். ஒரு தடவை திரும்பி கிழக்கையும் பாருங்க, பின்னாடி இருக்கற பாறை முகம் ரோஸ் கலர்ல இருக்கறதை மேற்கையே முறைச்சுட்டு நின்னு தவற விடறவங்க நிறைய.

செட்டிங்ஸ் இங்க காலைக்கு நேர் எதிர், எக்ஸ்போஷர் மைனஸ் ஒண்ணு. கலரை சரி பண்ற ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விட்டீங்கன்னா கேமரா என்னடா இவ்ளோ ஆரஞ்சுன்னு அதை திருத்தி வச்சுடும், டேலைட்ல போடுங்க. கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கற ராவ் ஃபார்மட்ல எடுங்க. அவ்ளோதான், மத்ததெல்லாம் யூடியூப்ல இருக்கு.

புது கேமராங்கறதால ஒண்ணு சொல்லணும், பட்டனை தேடறதை மலைமேல போய் கத்துக்காதீங்க. நான் எல்லா பழக்கத்தையும் அல்சூர் ஏரிக்கரையில சாயங்காலம் வட்டம் போடற பருந்துகளை வச்சுத்தான் கத்துக்கிட்டேன், வானத்துக்கு லால்பாக் தோட்டத்துல இருக்கற பாறை. 300 கோடி வருஷப் பாறை, மெட்ரோவுல போலாம், கெம்பேகவுடா கோபுரத்தை முன்னாடி வச்சு நிழலுருவம் எடுத்து பழகுங்க. ஒரு மாசம் இப்படி சுத்தினா போதும்.

ரூட்டு ஓசூர், சேலம், உடுமலை, சின்னார் வழியா மூணாறு, 450 கிலோமீட்டருக்கு மேல வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடிச்சு கிளம்பறவங்க சின்னார் காட்டு ரோட்டை விடிஞ்ச பிறகு கடக்கற மாதிரி கணக்கு போட்டுக்கோங்க, அந்த ரோட்டுல யானை நடமாட்டம் அதிகம். பிப்ரவரி, மார்ச்ல ஆடு குட்டி போடற காலம்னு பார்க்கை மூடிடுவாங்க, புக்கிங் எல்லாம் முடிச்சுட்டு கேட்ல வந்து திரும்பற குடும்பங்களை நானே பாத்திருக்கேன். ஏப்ரல்ல திறந்ததும் போனா வானம் எப்படியோ, அம்மா கூட ஒட்டிக்கிட்டு நடக்கற குட்டிங்க நிறைய கிடைக்கும்.