பட்டறை பதில்கள்: தகட்டில் கோணல் துளை

கேள்வி: வீட்டில் ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டி 16 கேஜ் அலுமினியம். பின்பக்கத்தில், கணினிப் பெட்டியில் இருப்பதைப் போன்ற மூன்று கால் பவர் சாக்கெட் பொருத்த வேண்டும். இரண்டு மூலை வெட்டுப்பட்ட அந்தச் செவ்வகத் துளையை எப்படிப் போடுவது? ஆங்கிள் கிரைண்டரில் வெட்டிவிடலாம் என்கிறார் நண்பர். (வாசகர், ஈரோடு)

பதில்: நண்பரிடம் சொல்லி கிரைண்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். அதன் சக்கரம் வட்டம். 100 மி.மீ. சக்கரம் தகட்டின் அடிப்பக்கத்தில் 28 மி.மீ. நீளத்துக்கு வெட்டி முடிப்பதற்குள், மேற்பக்கத்தில் கீறல் 37 மி.மீ. ஓடியிருக்கும். அந்த வடு பிறகு எந்த அரத்துக்கும் அடங்காது. கதவுக்கும் கேட்டுக்கும்தான் அது நல்ல கருவி.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். முதல் சில மாதங்கள் அரம் பிடிப்பதைத் தவிர வேறு வேலையே தரவில்லை. அன்று வாத்தியாரைத் திட்டாத நாள் இல்லை. இன்று பெட்டியில் எந்தக் கோணல் துளை கேட்டாலும் அந்த மாதங்கள்தான் கைகொடுக்கின்றன. செவ்வகமோ ஆங்கில டி எழுத்தோ, உள்ளே வரிசையாக வட்டத் துளைகள் போட்டு, கோடு வரை அரத்தால் ராவி வருவதுதான் வழி.

அளவை எங்கேயோ பார்த்த படத்திலிருந்து எடுக்காதீர்கள். திருகுத் துளைகளின் மையத்துக்கு மையம் 40 மி.மீ. என்பது பொது. உடல் பகுதி மட்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும். கையில் உள்ள சாக்கெட்டையே வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். உங்களுடையது 28-க்கு 20 என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் வெளிப்பக்கத்தில் காகித டேப் ஒட்டி, மூலைமட்டம் வைத்து அந்தச் செவ்வகத்தைக் கூரிய ஊசியால் கீறுங்கள். அதற்கு 2 மி.மீ. உள்ளே இன்னொரு கோடு. இந்த உள்கோட்டில் 3.5 மி.மீ.க்கு ஒன்றாக சென்டர் பஞ்ச் (டிரில் வழுக்காமலிருக்கச் சிறு குழி போடும் கூர்முனை) அடித்து 3 மி.மீ. டிரில் போடுங்கள். இருபதுக்கு மேல் துளை வரும், பொறுமை வேண்டும். துளைகளுக்கு நடுவே அரை மி.மீ. பாலம் நிற்கும். வெளிக்கோட்டுக்கும் துளை ஓரத்துக்கும் இடையில் இருப்பதும் அதே அரை மி.மீ.தான். அரத்துக்கு விட்ட வேலை அவ்வளவே. டிரில் முனையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள், அலுமினியம் ஒட்டாது. தகட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து இரண்டையும் கவ்வியில் இறுக்குங்கள். கையால் பிடித்தால், டிரில் மறுபுறம் வெளியேறும் அந்தக் கணத்தில் தகடு மின்விசிறி போலச் சுற்றும். என் இடது கட்டைவிரலில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

பாலங்களை உளி கொண்டு அடிக்க வேண்டாம், தகடு குழிந்துவிடும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடில் ஒரு துண்டை உடைத்து, பிடிக்கும் பக்கத்தில் துணி சுற்றி, பாலம் பாலமாக அறுத்துவிடுங்கள். நடுத்துண்டு கீழே விழும்போது துளை, நாய் கடித்த ரொட்டி போல இருக்கும். பயப்பட வேண்டாம்.

இனி ‘ஹேண்ட் ஃபைல்’ எனப்படும் தட்டை அரம். அதன் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், ஒரு ஓரத்தில் பல்லே இருக்காது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சிலர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மூலைக்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்: ஒரு பக்கத்தை ராவும்போது, ஏற்கெனவே முடித்த பக்கத்தை அந்த வழவழப்பான ஓரம் தொட்டாலும் கடிக்காது. அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியத் தூள் பல்லில் அப்பாது. முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது லேசாக விடுங்கள். கோட்டில் பாதி மறைந்ததும் நிறுத்தி, சாக்கெட்டை வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் வராத இடம் இடிக்கும் இடம், அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. வெட்டுப்பட்ட இரண்டு மூலைகளைக் கடைசியில் கவனியுங்கள். அங்கே கொஞ்சம் கோணினாலும் சாக்கெட்டின் காது, அதாவது திருகு போடும் விளிம்பு, மூடிவிடும். திருகில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகையை வாங்கினால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. அந்த சாக்கெட்டின் எர்த் காலிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர் போக வேண்டும். வயர் முனை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகம் தெரிந்த பிறகு, பல் வாஷர் வைத்து முடுக்குங்கள். பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் பெயருக்குத்தான் எர்த்.

கேள்வி: 12 மி.மீ. டிரில் போட்டால் துளை வட்டமாக வராமல் முக்கோணமாக வருகிறது. டிரில் மொக்கையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: டிரில் மேல் பழி போடாதீர்கள். 118 டிகிரி கூர்மையுள்ள 12 மி.மீ. டிரில்லின் கூம்பு மட்டுமே சுமார் 3.6 மி.மீ. உயரம். உங்கள் தகடும் 16 கேஜ் என்றால் அதன் தடிமன் 1.6 மி.மீ.தான். முழு அகலமும் தகட்டில் இறங்குவதற்கு முன்பே முனை மறுபக்கம் போய், பிடிப்பு இல்லாமல் ஆடுகிறது. இரண்டு வெட்டு முனை உள்ள டிரில் இப்படி ஆடினால் கிடைப்பது முக்கோணம். பழைய துணியை நாலாக மடித்துத் துளை மேல் வைத்து, அதன் வழியாக டிரில்லை மெல்ல இறக்கிப் பாருங்கள், ஆட்டம் அடங்கும். செலவழிக்க மனமிருந்தால் படிப்படியாக அகலும் கூம்பு டிரில் வாங்குங்கள். சிறிய வால்வு (பழைய ரேடியோவின் கண்ணாடிக் குழாய்) சாக்கெட்டுக்கான ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலத் துளைக்கும் அதுவே போதும்.

கேள்வி: ஆங்கில டி வடிவில் இருக்கும் 9 பின் கனெக்டருக்குத் துளை போட்டேன், தலைகீழாகிவிட்டது. தகட்டை எறிந்துவிடவா? (வாசகி, மதுரை)

பதில்: எதற்கு எறிய வேண்டும்? திருகுத் துளைகள் 25 மி.மீ. இடைவெளியில் இரு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன. கனெக்டரையும் தலைகீழாகப் பொருத்துங்கள், வேலை செய்யும். பெட்டியைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டு நானும் ஒருமுறை இப்படிச் செய்தேன். கணினிக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் தெரிந்தது.

கேள்வி: லேசரில் வெட்டிக் கொடுக்கிறார்களே, இவ்வளவு பாடு எதற்கு? (வாசகர், ஓசூர்)

பதில்: பத்துப் பெட்டி என்றால் நானும் லேசருக்குத்தான் போவேன். ஆனால் அவர்கள் கேட்பது தட்டைத் தகடு. வெட்டி முடித்த பிறகுதான் மடிக்க வேண்டும். மடித்த பெட்டியை, அதுவும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் மாட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாட்டிவிட்டீர்கள் என்றால், அரத்தை எடுக்கும் முன் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வையுங்கள். பத்து நிமிட வேலைதானே என்று நான் சர்க்கியூட்டின் மேல் துணி மூடி ராவியிருக்கிறேன். துணிக்கடியில் புகுந்த ஒரு மினுக்குத் தூள் டயோடு கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. அந்தத் தூளைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.