ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்

கே: முழங்கை எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு இல்லை. எலும்புக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ தெரிகிறது. வீட்டுக்கு அனுப்பலாமா?

ஸ்லாப் (ஒருபக்க மாவுக்கட்டு) போட்டு அனுப்புங்கள். 90 டிகிரி மடக்கி எடுத்த பக்கவாட்டுப் படத்தில் நீங்கள் சொல்லும் கறுப்பு, அதாவது பின்பக்கக் கொழுப்புத் திட்டு, தெரியவே கூடாது. அடிபட்டவருக்குத் தெரிந்தால் மூட்டுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது என்று பொருள். பெரியவர் என்றால் ரேடியஸ் (முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு) தலையையும் குழந்தை என்றால் ஹியூமரஸின் (மேற்கை எலும்பு) கீழ்முனையையும் சந்தேகப்படுங்கள்.

கே: அல்னா (முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பு) மட்டும் உடைந்திருக்கிறது. பிளேட் வைத்தால் போதுமா?

முழங்கையைப் படமெடுத்தீர்களா, அதை எழுதவில்லையே? ரேடியஸ் கழுத்தின் நடுவே இழுத்த கோடு எல்லாப் படத்திலும் கேபிடெல்லத்தில் (ஹியூமரஸ் கீழ்முனையின் வெளிப்பக்க உருண்டை) போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் மான்டீஜியா, அதாவது அல்னா உடைந்ததோடு ரேடியஸ் தலையும் விலகியிருக்கிறது. முன்கை முறிவு என்றால் மேல்மூட்டும் கீழ்மூட்டும் படத்தில் இருக்க வேண்டும்.

கே: வலிப்பு வந்து விழுந்தவர், கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே நார்மல், இணைத்திருக்கிறேன். தசைப்பிடிப்பா?

இணைத்தது ஒரே ஒரு படம், அதுவும் முன்பக்கப் படம். அதை வைத்து நார்மல் என்று எப்படி எழுதினீர்கள்? வலிப்பு, மின்சார அதிர்ச்சி, திரும்பாத கை, இதில் எதைக் கேட்டாலும் தோள் பின்பக்கம் விலகியிருக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். தோள் விலகலில் 100க்கு 95 முன்பக்கம்தான், அதனால் பின்பக்கத்தை யாரும் தேடுவதில்லை. அப்படி விலகினால் ஹியூமரஸின் தலை உள்நோக்கித் திரும்பி நிற்பதால் வெளிப்பக்க மேடு மறைந்து, தலை பல்பு மாதிரி உருண்டையாகத் தெரியும். உங்கள் படத்தில் அப்படித்தான் தெரிகிறது. ஆறு வாரம் தோள் இறுகிவிட்டது என்று பயிற்சி கொடுக்கப்பட்ட ஒருவர் என்னிடம் வந்தார், அவருடைய உறையில் நாலு படம், நாலும் முன்பக்கம். நான் எடுத்தது ஒரே ஒரு அக்குள்வழிப் படம்: ஹியூமரஸ் தலை குளினாய்டின் (தோள்பட்டை எலும்பின் குழி) பின்விளிம்பில் மாட்டிக்கொண்டு, முன்பக்கம் பள்ளம் விழுந்து கிடந்தது. அன்றே பார்த்திருந்தால் அறுவை இல்லாமல் உள்ளே தள்ளியிருக்கலாம். கையைத் தூக்க முடியவில்லை என்று டெக்னீஷியன் சொன்னால் ஒய் வியூ (தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் காட்டும் படம்) எடுங்கள், அப்புறமும் சந்தேகம் இருந்தால் சிடி.

கே: குழந்தையின் முழங்கையில் தனித்துண்டு ஒன்று இருக்கிறது. முறிவா?

வயதே இல்லாமல் எப்படிச் சொல்வது? கேபிடெல்லத்தில் தொடங்கி வரிசையாக ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதில், குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் மையங்கள் தோன்றும், அவையும் தனித்துண்டு மாதிரிதான் தெரியும். ட்ராக்லியா (ஹியூமரஸ் கீழ்முனையின் உள்பக்க உருளை) தெரிந்து, அதற்கு முன்பே தோன்ற வேண்டிய உள்பக்க எபிகாண்டைல் (முழங்கையின் உள்பக்க மேடு) தன் இடத்தில் இல்லை என்றால் அதை மூட்டுக்குள் தேடுங்கள்.

கே: விலகிய தோளைச் சரிசெய்த பிறகும் எக்ஸ்ரே தேவையா?

தேவை. இரண்டு கோணத்தில்.