கேட்டீங்க, சொல்றம்: உப்புப் போடாத கருவாடு

கேள்வி: நோர்வேயில இருக்கிற மருமகன் லீவுக்கு வரக்குள்ள காய்ஞ்ச மீன் ஒண்டு கொண்டு வந்தவர். லொபோட்டன் எண்ட தீவுல செய்யிறதாம், உப்பே போடுறதில்லையாம். நாங்க உப்புப் போட்டே ஒரு மழை பெஞ்சா புழுத்துப் போகுது, அங்க மட்டும் எப்பிடி? விறகுக்கட்டை மாதிரிக் கிடக்கு, கத்தியும் இறங்குதில்ல, என்ன செய்யிற?
- வாசகி, பாலமீன்மடு

பதில்: மருமகன் சொன்னது உண்மைதான் அக்கா. லொபோட்டன் நோர்வேட வடக்குல, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுக் கிடக்கிற தீவுக்கூட்டம், டிசம்பர்ல அங்க கொஞ்ச நாளைக்குச் சூரியனே எழும்பாது. அப்பிடிப்பட்ட இடத்துல கடல் உறையணும், ஆனா அத்திலாந்திக்ல இருந்து வாற சூடான நீரோட்டம் கரையோட போறதால உறையாது. ஜனவரியில இருந்து ஏப்ரல் மட்டும் பேரன்ட்ஸ் கடல்ல இருந்து கொட் மீன் முட்டை போட அங்க வரும், ஊரே கடலுக்குப் போயிரும். சின்ன வயசுல மூக்கப் பொத்திக் குடிச்ச ஸ்கொட்ஸ் இமல்ஷன் போத்தல்ல ஒராள் முதுகுல தூக்கிக்கிட்டு நிப்பாரே, அந்த மீன்தான். பள்ளிக்கூடப் புள்ளைகளும் வெட்டின தலையில இருந்து நாக்கை அறுத்து வித்துக் கைக்காசு பாக்கிறாங்க.

மறுகா, குடலெடுத்த மீனை வால்ல ரெண்டு ரெண்டாக் கட்டி, கம்புல போட்ட பந்தல்ல பெப்ரவரியில தொங்கவிட்டா மே மாசம் மட்டும் கடக்காத்துலயே கிடக்கும். அந்த மாசங்கள்ல குளிர் பூச்சியத்துக்குக் கிட்டயே நிக்கும், நல்லாக் கீழ இறங்கினா சதை உறைஞ்சு பழுதாப் போகும், மேல ஏறினா ஈ வந்திரும், ரெண்டுக்கும் நடுவுல அந்தக் கரைக்குத்தான் அப்பிடி ஒரு வாய்ப்பு. நாங்க உப்புட்ட வாங்கிற வேலைய அவங்க குளிருட்ட வாங்குறாங்க. உப்பு விலையப் பாத்துட்டு நாமளும் செஞ்சு பாப்பமா எண்டு மட்டும் யோசிக்காதீங்க, எங்கட வெயிலுக்கு ஒரு நாள் தாங்காது.

விக்கிறதும் புதுக்கதை இல்ல. 1432ல பியத்ரோ குவெரினி எண்ட வெனிஸ் வியாபாரி கப்பல் உடைஞ்சு பக்கத்துல றோஸ்ட் தீவுல ஒதுங்கி, அந்தச் சனம் குடுத்த இந்த மீனைத் திண்டு தப்பினவர், ஊருக்கும் கொண்டு போனவராம். இண்டைக்கும் நல்ல மீன் இத்தாலிக்குத்தான் போகுது. தலைய வீசுறதில்ல, அதுவும் காய்ஞ்சு நைஜீரியாவுக்குப் போகும். அந்தக் காலத்துல எல்லாம் நோர்வேட பேர்கன் துறைமுகத்துக்கு வந்து ஜெர்மன் வியாபாரிகள்ட கையால தான் வெளிய போனது, அவங்கட மரக்கட்டிடங்கள் நிண்ட பிரிக்கன் துறை 1979ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

இனி உங்கட கட்டைக்கு வருவம். கத்திய விட்டுட்டு வாளால துண்டு போடுங்க, முருங்கைக்காய் அளவு போதும். தண்ணியில ஊறவிட்டு பிரிஜ்ஜுக்குள்ள வைங்க, வெளிய வச்சா நாறிரும், நாளுக்கொருக்காத் தண்ணி மாத்துங்க, ஒரு கிழமை செல்லும், சதை மெத்தெண்டு வந்தாப் போதும். உப்பில்லாத மீன், அதால நம்மட கருவாட்டுக் கறிக்குப் போடுற மாதிரி உப்பைக் குறைக்காதீங்க. மூடியில்லாத சட்டியில மட்டும் ஊறவைக்காதீங்க, பிரிஜ்ல இருக்கிற தயிருக்கும் அந்த வாசம் ஏறிரும்.